சீந்தில் சர்க்கரையில் சர்க்கரை இருக்கிறதா?

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது. நீரிழிவுக்கு மெட்ஃபார்மின், தைராய்டுக்குக் காலையில் ஒரு மாத்திரை. அடிக்கடி சளி பிடிக்கிறது என்று உறவினர் ஒருவர் சீந்தில் சர்க்கரை வாங்கிக் கொடுத்திருக்கிறார். தினம் ஒரு கிராம், பாலில். அட்டையில் ‘நோய் எதிர்ப்பாற்றல் தரும் பாலிசாக்கரைடுகள் நிறைந்தது’ என்று போட்டிருக்கிறது. பெயரிலேயே சர்க்கரை இருப்பதால் அம்மா பயப்படுகிறார். பத்து நாள் சாப்பிட்டும்விட்டார். தொடர்ந்து கொடுக்கலாமா? தக்கலைக்குப் பக்கத்தில் எங்கள் விளையில் வேம்பின்மேல் சீந்தில் கொடி படர்ந்து கிடக்கிறது. அதையே பயன்படுத்தலாமா?

பதில்:

முதலில் அம்மாவின் பயம். அதைப் போக்குவது எளிது. சீந்தில் சர்க்கரை இனிக்காது. நாக்கில் வைத்தால் மாவுபோல நிற்கும். சரியாக அலசாத சரக்காக இருந்தால் கடைசியில் லேசாகக் கசக்கும். வெண்மையைப் பார்த்து வைத்த பெயர் அது. பெரும்பாலும் மாவுச்சத்துதான். மாவுச்சத்து செரித்தால் குளுக்கோஸாகும் என்பது உண்மை. ஆனால் அம்மா சாப்பிடுவது ஒரு கிராம். ஓர் இட்லியில் ஏறக்குறைய எட்டு, பத்து கிராம் மாவுச்சத்து இருக்கிறது. காலையில் மூன்று இட்லியைச் சஞ்சலமில்லாமல் சாப்பிடுகிறவர் இந்த ஒரு கிராமை நினைத்துத் தூக்கம் கெட வேண்டாம். பாலில் சீனி போட்டுக் கலக்குகிறாரா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மற்ற கேள்விகளுக்கான பதில் உங்களுக்கு அவ்வளவு பிடிக்காது. மருந்துவாழ்மலை இருக்கிற மாவட்டத்தில் பிறந்துவிட்டு மூலிகையைக் குறை சொல்கிறானே என்று தோன்றும். முப்பது ஆண்டு மூலிகைகளின் வேதியியலைப் பாடமாக நடத்தியவன் நான். எனக்குச் சீந்திலின்மேல் கோபமில்லை, அட்டை எழுதுகிறவர்கள்மேல்தான் கொஞ்சம் உண்டு.

சீந்தில் சர்க்கரையை எப்படி எடுக்கிறார்கள் என்று தெரிந்தால் பாதி விஷயம் விளங்கிவிடும். கூவைக்கிழங்கு மாவு எடுப்பதைப் பார்த்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. எங்கள் ஆச்சி இரண்டையும் ஒரே மண்பானையில்தான் செய்வார். விரல் தடிமனுள்ள சீந்தில் தண்டை வெட்டி, காகிதம்போல உரியும் மேல்தோலை நீக்கி, துண்டுபோட்டு, உரலில் இடித்து, தண்ணீரில் ஊறவைத்துப் பிசைந்து, துணியில் வடிகட்டிப் பானையை ஆடாமல் வைத்துவிட வேண்டும். மறுநாள் காலையில் அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கும். மேலே நிற்கும் கசப்புத் தண்ணீரைச் சாய்த்துக் கொட்டிவிட்டு, புதுத்தண்ணீர் விட்டுக் கலக்கி, மறுபடியும் தெளிய வைப்பார்கள். கசப்பு போய் வெளுக்கும்வரை மூன்று நான்கு முறை இதே வேலை. பிறகு வெயிலில் உலர்த்தினால் சீந்தில் சர்க்கரை. நானும் ஒருமுறை இரண்டு கிலோ தண்டை வைத்துச் செய்து பார்த்தேன். ஒரு நாள் முழுக்க இடுப்பொடிந்ததற்குக் கிடைத்தது ஒரு சிறு கிண்ணத்தின் அடியை மறைக்கும் அளவு.

அந்தச் சாய்த்துக் கொட்டிய தண்ணீரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் அதற்குத் திரும்பி வருவோம்.

பாலிசாக்கரைடு என்பது ஒரு பொருளின் பெயரல்ல, ஒரு பெரிய குலத்தின் பெயர். சிறுசிறு சர்க்கரை மூலக்கூறுகள் நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் கோத்துக்கொண்டு நிற்கும் நீண்ட சங்கிலி எதுவானாலும் அது பாலிசாக்கரைடுதான். நாம் உண்ணும் சோற்றிலுள்ள மாவுச்சத்தும், உடுத்தும் பருத்தி வேட்டியும் ஒரே குளுக்கோஸால் ஆனவை. கோத்திருக்கும் விதம் மட்டும் வேறு. சோற்றில் ஆல்ஃபா பிணைப்பு, வேட்டியில் பீட்டா பிணைப்பு. அதனால்தான் சோறு செரிக்கிறது, வேட்டி செரிக்காது. ஆகவே ‘பாலிசாக்கரைடுகள் நிறைந்தது’ என்ற வாசகத்தை ஒரு வேட்டியின் ஓரத்திலும் தாராளமாக அச்சடிக்கலாம். பொய்யாகாது. எந்தப் பாலிசாக்கரைடு, எவ்வளவு, எந்த வழியில் உடலுக்குள் போகிறது என்று சொல்லாதவரை அந்தச் சொல்லுக்குப் பொருளில்லை.

சீந்தில் தண்டில் இந்தக் குலத்தைச் சேர்ந்தவர்கள் பலர் இருக்கிறார்கள். கேரளத்தில் ஒருவர் அதன் பாலிசாக்கரைடைப் பிரித்து, உடைத்து, எந்தெந்தச் சர்க்கரைகளால் ஆனது என்று கணக்கெடுத்தபோது 98 சதவீதம் குளுக்கோஸ் என்று வந்தது. மிச்சம் சைலோஸ், அராபினோஸ், காலக்டோஸ், மான்னோஸ், ராம்னோஸ். இந்த மிச்சம் இரண்டு சதவீதம் என்று ஒதுக்கிவிட முடியாது. நோய் எதிர்ப்பாற்றலைப் பற்றிய பேச்சில் பெரும்பகுதி எழுந்தது அராபினோஸும் காலக்டோஸும் சேர்ந்த அராபினோகாலக்டன் என்ற வகையிலிருந்துதான். மும்பையிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி மையத்து விஞ்ஞானிகள் அதைச் சீந்திலிலிருந்து தனியே பிரித்து 1999-இல் வெளியிட்டார்கள். ஜி1-4ஏ என்று அதற்குப் பெயர். அணு ஆராய்ச்சிக்காரர்களுக்குச் சீந்திலில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். அங்கே உயிரியல் பிரிவு ஒன்று பல காலமாக இருக்கிறது.

அந்த ஜி1-4ஏ செய்து காட்டியதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. நம் உடலில் மேக்ரோஃபேஜ் என்றொரு வகை உயிரணு உண்டு. வெளியிலிருந்து வரும் கிருமியை விழுங்கிச் செரிக்கும் காவல்காரன். அதன் மேற்பரப்பில் டோல் ஏற்பிகள் என்ற உணர்கருவிகள் இருக்கின்றன. பாக்டீரியாவின் தோலில் இருக்கும், சர்க்கரையும் கொழுப்பும் சேர்ந்தவை போன்ற மூலக்கூறுகளைத் தொட்டுப் பார்த்து, அந்நியன் என்று அடையாளம் கண்டுகொள்ள அவை உதவுகின்றன. தாவரத்தின் சில சங்கிலிகளும் கிட்டத்தட்ட அதே சாயலில் இருப்பதால் காவல்காரன் விழித்துக்கொள்கிறான். மொத்தத்தில் நோய் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் பாலிசாக்கரைடு என்றால் இவ்வளவுதான் பொருள்: கிருமி வராமலே கிருமி வந்ததுபோல ஒரு சங்கு ஊதுவது. 2007-இல் வெளியான ஆய்வில், ஜி1-4ஏ கொடுத்த எலிகள் பாக்டீரிய நஞ்சு ஏற்றியபோது சாகாமல் தாக்குப்பிடித்தன. 2016-இல், மேக்ரோஃபேஜுக்குள் ஒளிந்து வாழும் காசநோய்க் கிருமியை அது கட்டுப்படுத்தியது என்று காட்டினார்கள். அங்கே வேலை செய்தது டோல்-4 ஏற்பி. இதற்கிடையில் அமெரிக்கக் குழு ஒன்று சீந்திலிலிருந்தே வேறொரு சங்கிலியைப் பிரித்திருந்தது. வெறும் குளுக்கோஸ், ஆல்ஃபா-1,4 பிணைப்பு. சோற்றிலுள்ள அதே பிணைப்பு! அதுவும் மேக்ரோஃபேஜை எழுப்பியது, ஆனால் டோல்-6 ஏற்பி வழியாக. இந்த ஒன்றைப் படித்தபோது எனக்கே கொஞ்சம் வியப்பாக இருந்தது.

இத்தகைய ஆய்வுகளைப் படிக்கும்போது ஒரு சந்தேகத்தை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும். டோல்-4 ஏற்பியை மிக வேகமாக எழுப்புவது பாக்டீரியாவின் தோல்நஞ்சு. செடியில் ஒட்டிவந்த துளி நஞ்சு கரைசலில் கலந்திருந்தாலும் காவல்காரன் விழிப்பான். பெயரை மூலிகை தட்டிக்கொண்டு போகும். நல்ல ஆய்வுக்கூடங்கள் அந்த நஞ்சைச் செயலிழக்கச் செய்தும் பரிசோதித்துவிட்டுத்தான் முடிவு சொல்லும். எல்லாக் கூடங்களும் நல்ல கூடங்கள் அல்ல.

இப்போது அந்தக் கொட்டிய தண்ணீருக்கு வருவோம்.

அராபினோகாலக்டன் தண்ணீரில் கரையும். ஆய்வுக்கூடத்தில் அதைப் பிடிக்கும் வழி, தண்டைத் தண்ணீரில் ஊறவைத்து, தெளிந்த நீரை எடுத்து, அதில் பல மடங்கு ஆல்கஹால் ஊற்றுவது. பஞ்சுபோல, சளிபோலத் திரண்டு வரும். அதாவது ஆய்வாளர் தெளிந்த நீரை வைத்துக்கொண்டு அடியில் படிந்த மாவைத் தள்ளுகிறார். சீந்தில் சர்க்கரை எடுக்கிறவரோ அடிமாவை வைத்துக்கொண்டு தெளிந்த நீரைக் கொட்டுகிறார். ஆராய்ச்சி நடந்த பொருளில் பெரும்பகுதி மூன்று நான்கு அலசலில் வாழைத்தூருக்குப் போய்விட்டது. அம்மா பாலில் கலப்பது மிச்சம். அட்டையோ கொட்டிய தண்ணீரின் புகழை மாவின்மேல் ஒட்டி விற்கிறது.

இதனால் பழைய வைத்திய ஆசான்மார் ஏமாற்றினார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அவர்கள் எதிர்ப்பாற்றல் என்றோ பாலிசாக்கரைடு என்றோ பேசவில்லை. கசப்பைத் தாங்காத நோயாளிக்கு, காய்ச்சலில் கிடந்து எழுந்தவருக்கு, சூட்டைத் தணிக்கும் இலேசான மருந்து என்று கொடுத்தார்கள். கசப்போடு வேலை நடக்க வேண்டும் என்று நினைத்த இடத்தில் கஷாயம்தான் வைத்தார்கள். எது எதற்கு என்ற பாகுபாடு அவர்களிடம் இருந்தது. நாம்தான் எல்லாவற்றையும் ஒரே பொட்டலத்தில் அடைத்து ‘இம்யூனிட்டி’ என்று பெயர் எழுதினோம்.

அடுத்தது வழி. எலிகளிடம் பெரிய விளைவு காட்டிய இத்தகைய ஆய்வுகளில் பலவும் ஊசியால் நேரே வயிற்றறைக்குள் செலுத்திச் செய்தவை. வாயால் விழுங்கினால் கதையே மாறிவிடுகிறது. மாவுச்சத்து சிறுகுடலில் உடைந்து குளுக்கோஸாகிவிடும். சங்கிலியே இல்லாமல் போகும். அராபினோகாலக்டனை உடைக்கும் நொதி நம்மிடம் இல்லை. அது அப்படியே பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள பாக்டீரியாக்களுக்குத் தீனியாகி, அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்ற சிறு அமிலங்களாகும். அவை குடலுக்கு நல்லவை, சந்தேகமில்லை. ஆனால் பெரிய சங்கிலி முழுசாகக் குடல் சுவரைத் தாண்டி இரத்தத்துக்குள் போவது மிகமிகக் குறைவு. ஜப்பானில் ஷீடாக்கே காளானின் பாலிசாக்கரைடான லென்டினானை 1985-இல் புற்றுநோய்ச் சிகிச்சைக்குத் துணைமருந்தாக ஏற்றுக்கொண்டபோது ஊசிமருந்தாகத்தான் ஏற்றுக்கொண்டார்கள். காளான் குழம்பு சாப்பிடுங்கள் என்று எழுதிக் கொடுக்கவில்லை.

வாயால் சாப்பிட்டே பலன் தரும் பாலிசாக்கரைடு ஒன்று உங்கள் அடுக்களையில் இருக்கிறது: வெந்தயம். அதிலுள்ள காலக்டோமான்னன் தண்ணீர் பட்டதும் வழுவழுவென்று கூழாகும். குடலில் அந்தக் கூழ் பரவி, சோற்றின் குளுக்கோஸ் இரத்தத்தில் ஏறும் வேகத்தைக் குறைக்கிறது. அது இரத்தத்துக்குள் போக வேண்டியதே இல்லை. இருக்கிற இடத்தில் இருந்தே வேலை முடிந்துவிடும். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தில் நீரிழிவு நோயாளிகளுக்கே கொடுத்துப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். ஆனால் அங்கே கொடுத்த அளவைக் கவனியுங்கள்: நாளுக்கு 25 கிராம், சில ஆய்வுகளில் அதற்கும் மேல். தாளிப்பில் போடும் அரை ஸ்பூன் அல்ல. பாலிசாக்கரைடு விஷயத்தில் கிராம் கணக்கு முக்கியம். வெந்தயத்தையும் அந்த அளவுக்குக் கூட்டுவதாக இருந்தால், மெட்ஃபார்மின் எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் கூட்டுங்கள்.

சீந்திலை மனிதர்களுக்குக் கொடுத்தே பார்க்கவில்லையா என்றால், பார்த்திருக்கிறார்கள். ஒவ்வாமையால் மூக்கொழுகும் 75 பேருக்கு எட்டு வாரம் கொடுத்த ஆய்வு 2005-இல் வந்தது. தும்மலும் மூக்கடைப்பும் கணிசமாகக் குறைந்ததாக எழுதினார்கள். ஆனால் கொடுத்தது தண்டிலிருந்து எடுத்த சாரம், அடியில் படிந்த மாவு அல்ல. அந்தப் பலனை வெள்ளைப் பொடிக்கு வரவு வைக்க முடியாது.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். கொரோனா காலத்தில் நாடெங்கும் வீட்டுக்கு வீடு சீந்தில் கஷாயம் குடித்தார்கள். நம் பக்கத்திலும் வேம்பின்மேல் கிடந்த கொடியெல்லாம் மொட்டையானது நினைவிருக்கும். 2020-இன் கடைசி மாதங்களில் மும்பையில் ஒரே மருத்துவக்குழுவிடம் ஆறு பேர் மஞ்சள்காமாலையோடு வந்தார்கள். எல்லோரும் சீந்தில் சாப்பிட்டவர்கள். கல்லீரல் திசுவைப் பார்த்தபோது, உடலின் எதிர்ப்பாற்றல் தன் கல்லீரலையே தாக்கும் நோயின் சாயல் இருந்தது. பிறகு நாட்டின் 13 மருத்துவ மையங்கள் சேர்ந்து இத்தகைய 43 நோயாளிகளைத் தொகுத்து 2022-இல் வெளியிட்டன. பெரும்பாலானவர்களிடம் அதே தன்-தாக்குதல் சாயல். ஆயுஷ் அமைச்சகம் இதை ஒத்துக்கொள்ளவில்லை. சீந்தில் பாதுகாப்பானது, அதைப் போலவே இருக்கும் டினோஸ்போரா கிரிஸ்பா என்ற வேறு கொடியை மாற்றிச் சாப்பிட்டிருக்கலாம் என்றது.

என் கருத்தைக் கேட்டால், கொடி மாறுவது நடக்கக்கூடியதுதான்; ஆனால் அதை மட்டும் சொல்லி முழுதாகக் கைகழுவ முடியாது. காவல்காரனை எழுப்பும் மருந்து என்று பத்து ஆய்வைக் காட்டிப் பெருமை பேசுகிறோம். எழுந்த காவல்காரன் வீட்டுக்காரனை அடிக்கவே மாட்டான் என்று எந்த உறுதியும் கிடையாது. ஏற்கெனவே தன் உடலையே தாக்கும் போக்கு உள்ளவர்களிடம் அந்த ஆபத்து கூடுதல். இங்கேதான் அம்மாவின் தைராய்டு மாத்திரை வருகிறது. இன்று உப்பில் அயோடின் கிடைக்கும் நிலையில், வயதுவந்தவர்களுக்கு வரும் தைராய்டு குறைபாட்டில் பெரும்பங்கு, எதிர்ப்பாற்றல் தைராய்டு சுரப்பியையே தாக்குவதால் வருவது. அம்மாவுக்கும் அப்படித்தானா என்பது ஆன்டி-டிபிஓ என்ற இரத்தப் பரிசோதனையில் தெரியும். அது தெரியாமல் அவருக்குச் சீந்திலை எந்த வடிவிலும் கொடுக்க நான் சொல்ல மாட்டேன். வெள்ளைப் பொடி கஷாயத்தைவிட வீரியம் குறைந்ததுதான். ஆனால் அட்டையில் எழுதியிருக்கும் பலனுக்கே ஆதாரம் மெல்லியது என்னும்போது, எதற்காக அந்தச் சிறு ஆபத்தையும் ஏற்க வேண்டும்?

விளையில் கிடக்கும் கொடியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இலை வெற்றிலைபோல இதய வடிவில் இருக்கிறதா, தண்டின் மேல்தோல் மெல்லிய காகிதமாக உரிகிறதா, மேலிருந்து நூல்நூலாக விழுதுகள் தொங்குகின்றனவா, குறுக்கே வெட்டினால் வண்டிச்சக்கரம்போல ஆரங்கள் தெரிகின்றனவா என்று பாருங்கள். தண்டெங்கும் பரு வெடித்ததுபோல முண்டுமுண்டாக இருந்தால் அது கிரிஸ்பாவாக இருக்கலாம், தொடாதீர்கள். கண்ணால் பார்த்ததை வைத்து முடிவு கட்டவும் வேண்டாம். கோட்டாற்றில் அரசு ஆயுர்வேதக் கல்லூரி இருக்கிறது, முஞ்சிறையில் சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இலையோடு ஒரு முழம் தண்டை வெட்டிக்கொண்டு போய்க் காட்டினால் அடையாளம் சொல்லக்கூடியவர்கள் அங்கே உண்டு.

பொட்டலத்துப் பொடியில் கொடியைப் பற்றிய கவலை ஒருபக்கம் இருக்க, வேறொரு கவலையும் உண்டு. இரண்டு கிலோ தண்டுக்கு ஒரு கிண்ணத்தின் அடி என்று சொன்னேன் அல்லவா? இவ்வளவு உழைப்பு கேட்கும் பொருள் மலிவாகக் கிடைத்தால் சந்தேகப்படுங்கள். நம் ஊரில் வெள்ளை மாவுக்கா பஞ்சம்? விசாகம் திருநாள் மகாராஜா திருவிதாங்கூரில் மரச்சீனியை, அதாவது மரவள்ளிக்கிழங்கைப் பரப்பிய காலந்தொட்டு வீட்டுக்கு வீடு அது இருக்கிறது. மரச்சீனி மாவும் சீந்தில் மாவும் கண்ணுக்கு ஒன்றுதான். டிங்சர் அயோடின் ஒரு சொட்டு விட்டால் இரண்டுமே கருநீலமாகும். கொதிக்கவைத்தால் இரண்டுமே பசையாகும். நுண்ணோக்கியில் பார்த்தால்தான் வேறுபாடு தெரியும்: சீந்திலின் மாவுமணிகள் சிறியவை, மரச்சீனியின் மணிகள் பெரியவை, ஒருபக்கம் வெட்டிவிட்டதுபோல் இருக்கும். அம்மா பத்து நாளாகப் பாலில் கலந்து குடித்தது மரச்சீனி மாவாக இருந்தால் நான் கொஞ்சம் நிம்மதிதான் அடைவேன்.

இன்னொன்று. பொடியை நிறுத்தியதும் அதே உறவினர் அமிர்தாரிஷ்டம் வாங்கி வரக்கூடும். அதுவும் சீந்தில்தான், கஷாயத்தில் வெல்லம் சேர்த்துப் புளிக்கவைத்தது. அம்மா உண்மையில் பயப்பட வேண்டிய சர்க்கரை அந்தப் பாட்டிலில்தான் இருக்கிறது. கொஞ்சம் ஆல்கஹாலும் இருக்கிறது.

பத்து நாள் சாப்பிட்டதற்காகப் பதற வேண்டாம். மும்பையிலும் மற்ற இடங்களிலும் பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் எடுத்துக்கொண்டவர்கள். இன்றே நிறுத்திவிடுங்கள். அடுத்த சில வாரங்களில் அம்மாவுக்குச் சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போனாலோ, கண்வெள்ளை மஞ்சளித்தாலோ, காரணமில்லாத அரிப்பும் அசதியும் பசியின்மையும் வந்தாலோ, அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். ஒன்றும் வராவிட்டாலும் அடுத்தமுறை சர்க்கரை பார்க்க இரத்தம் கொடுக்கும்போது கல்லீரல் செயல்பாட்டுப் பரிசோதனையும் ஆன்டி-டிபிஓவும் சேர்த்து எடுத்துவிடுங்கள். காலிப் பொட்டலத்தைத் தூக்கிப் போடாமல் பையில் வைத்துக்கொண்டு போங்கள். என்ன சாப்பிட்டீர்கள் என்று மருத்துவர் கேட்டால், ‘அது சும்மா நாட்டு மருந்துதான்’ என்று அம்மா மழுப்பப் பார்ப்பார். நீங்கள் அதை எடுத்து மேசைமேல் வைத்துவிடுங்கள்.